நான்காவது தட்டு

என் நாத்தனார் அமலி ஒரு வருடம் திருச்சபையின் இளையோர் பணிக்குப் போகிறேன் என்று சொன்னபோது, வீட்டில் முதலில் சண்டை பிடித்தவள் நான்தான். நான் இந்த வீட்டுக்குக் காதலித்து வந்தவள். பெயர் பிரவீனா. பிறந்தது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ஓர் இந்துக் குடும்பத்தில். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும், கோயிலில் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் செய்கிறேன். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்புவது என் சுபாவத்தில் இல்லை.

"பி.காம் முடிச்சிட்டு ஒரு வருசம் சும்மா வேலை பாக்கறதுக்குப் பேரு சேவையா? எங்க கம்பெனில அதுக்கு டிரெய்னின்னு பேரு," என்றேன்.

அமலி சிரித்தாள். "டிரெய்னிக்காவது கடைசியில வேலை கெடைக்கும் அண்ணி. எனக்கு அதுவும் இல்ல."

அவளிடம் ஒரு குணம் உண்டு. யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். அடுப்படியில் இருந்துகொண்டு கூடத்தில் இருப்பவரிடம் கத்திப் பேசுவது அவளுக்கு வராது. கையில் கரண்டியோடு வந்து எதிரே நின்று, "உப்பு போட்டீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போவாள். எனக்கு எரிச்சலாக வரும். இதையெல்லாம் ஒரு குணம் என்று எழுதுவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

செப்டம்பரில் மாதா பிறந்தநாளன்று அனுப்பும் பூசை வைத்தார்கள். ஃபாதர் இன்னாசி அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் எழுந்து, "இதோ, இருக்கிறேன்," என்றாள். கழுத்தில் ஒரு மரச்சிலுவை போட்டு, கையில் எரியும் மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். அந்த வருடத்துக்கு அவள் ஒருத்திதான். மாமியார் அழுதார். நானும் அழுதேன், யாருக்கும் தெரியாமல்.

அவளை அனுப்பிய இடம் ரொம்ப தூரமில்லை. மத்திகிரிக்கு அந்தப் பக்கம், மாட்டுப் பண்ணையின் நீண்ட மதில் முடிகிற இடத்தில், வரிசையாக லைன் வீடுகள். நடுவில் ஓடு போட்ட ஒரு சிறிய கோயில். தெற்கே இருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் அங்கே நிறைய. அவர்களை ஒன்றுசேர்த்து, ஜெபம் சொல்லி, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், ஊரிலிருந்து சண்டை வந்தால் சமாதானம் பேசுவதுதான் அமலியின் வேலை. தங்குவதற்கு ரங்கம்மா என்ற தெலுங்குக்கார அம்மாவின் லைனில் கடைசி அறை. ஏற்கெனவே அங்கே நான்கு பெண்கள்: லூர்து, பவுலின், மாதேஸ்வரி, சந்தனமேரி. ஐந்தாவதாக அமலி.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் கோயில் கூடத்தில் பெயர் சொல்லும் ஜெபம். ஒவ்வொரு பெயராகச் சொல்வார்கள். உரியவர் எழுந்து, "இதோ, இருக்கிறேன்," என்று சொல்ல வேண்டும். ஷிப்டுக்குப் போனவர்களுக்காக, அதே அறையில் இருப்பவர் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் முன்னால் நிற்கிறவளை ஆண்டவர் மறந்துவிடக் கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் தொடங்கி வைத்தது. மாதேஸ்வரி பென்னாகரம் பக்கத்து இந்துப் பெண், என்றாலும் அவளும் வந்து உட்கார்ந்து எல்லாருக்காகவும் சொல்வாள்.

"எங்க கம்பெனில ஒருத்தி கார்ட இன்னொருத்தி பஞ்ச் பண்ணா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றேன்.

"இது ஆஜர் இல்ல அண்ணி. அன்பு," என்றாள் அமலி.

நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து போன் பேசும்போது சொன்னாள். "எல்லாரையும் பாத்துட்டன் அண்ணி. சந்தனமேரிய மட்டும் இன்னும் பாக்கல."

"ஷிப்டு அப்பிடித்தான். என் சீட்டுல நைட்டு பாக்கறவள ரெண்டு வருசமா நான் பாத்ததில்ல. காலையில உக்காரும்போது சீட்டுல சூடு இருக்கும், அவ்ளோதான்," என்றேன்.

சொல்லும்போதே அந்தச் சூடு ஞாபகம் வந்து என்னவோ போல இருந்தது.

எனக்கு வார விடுமுறை வந்த ஒரு நாள், குழம்பும் வறுவலும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். உச்சி வெயில். அறைக்குள் காலை வைத்தால் கும்மிருட்டு. நைட் ஷிப்டு முடித்தவர்கள் பகலில் தூங்க வேண்டும் என்பதால் ஜன்னலில் அட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். வெளியே மாட்டுப் பண்ணையிலிருந்து மாடு கத்துகிற சத்தம் மட்டும். சுவரோரம் நான்கு பாய், மூன்று சுருட்டி வைத்தது, ஒன்று விரித்தது. விரித்ததில் தலையோடு போர்த்திக்கொண்டு யாரோ படுத்திருந்தார்கள்.

"யாரு?" என்றேன் கிசுகிசுப்பாக.

"சந்தனமேரி போல. அது அவ பாய். காலையில நான் கோயிலுக்குப் போனப்ப இல்ல. வந்து பாத்தா படுத்திருக்கா. எழுப்ப மனசு வரல."

"அப்ப பாத்தாச்சு இல்ல?"

"போர்வையத்தான் பாத்திருக்கன்," என்றாள் அமலி.

அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கவிழ்த்து வைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்திருந்தது. நான்காவது தட்டில் ச.மேரி என்று இருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. கொடியில் அவளுடைய பூப்போட்ட நைட்டி. "நேத்து இது அந்தக் கோடியில கெடந்துச்சு," என்றாள் அமலி. இதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் பயப்படுகிற பெண் இல்லை. ஆனால் சாப்பிடும்போது பாயின் பக்கம் முதுகைக் காட்டாமல் உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது ரங்கம்மா வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா கேட்டேன், "சந்தனமேரின்னு ஒரு பொண்ணு, எப்பவும் இப்பிடித்தானா? ஆளே தெரியமாட்டேங்குது?"

"ஐயோ தேவுடா, தெரியாம என்ன! தெனம் பாக்கறன்மா. இன்னிக்கு பனியிலகூட கோட்டு போட்டுக்கினு, மூஞ்சி மூடிக்கினு போச்சே. கூப்ட்டா திரும்பாது. அவ்ளோதான்."

செப்டம்பர் கடைசியில் ஓசூரில் காலைப் பனி கொஞ்சம் இறங்கும். அந்தப் பனியில், கம்பெனி வண்டி ஏறப் போகிற பெண்கள் எல்லாரும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, ஒரே மாஸ்க். நானும் அப்படித்தான் போகிறேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு தரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு.

அதற்கப்புறம் அமலி அவளைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டாள். லூர்துவிடம் கேட்டால், "அவ செகண்ட் ஷிப்டுக்கா," என்றாள். பவுலினிடம் கேட்டால், "அவளுக்கு நைட்டுன்னாங்களே." மாதேஸ்வரியிடம் கேட்டால், "பர்ஸ்ட் ஷிப்டு மாத்திட்டாங்கபோல." ஷிப்டு வாரம் ஒரு முறை மாறும், மாறும்போது பதில்களும் மாறின. யாரும் பொய் சொல்லவில்லை. அமலி போனில் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக்தான். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு ஒற்றை டிக் என்பது அதிசயமே இல்லை.

ஒரு விடியற்காலை அமலி விழித்தபோது, தன் மேல் இரண்டாவதாக ஒரு போர்வை கிடந்ததாம். சந்தனமேரியின் போர்வை. அறையில் யாருமில்லை. குளியலறைக் குழாய் மட்டும் அப்போதுதான் மூடியதுபோல் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்னிடம் போனில் சொன்னாள்: "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அவ உசுரோட இருக்காளான்னு எனக்குத் தெரியணும்."

"வாய்ல நல்லதே வராதா உனக்கு?" என்று திட்டி வைத்துவிட்டேன். ஆனால் இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அன்றைக்கு மெஷினுக்கே லீவு. மூன்று ஷிப்டும் ஒரே நாளில் வீட்டில் இருப்பது அபூர்வம். அன்று சாயங்காலமே பெயர் சொல்லும் ஜெபத்தை அமலி வைத்தாள். எங்கள் கம்பெனி பூஜை முடித்து, பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கூடம் நிறைந்திருந்தது. வெளியே வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

அமலி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அன்று எல்லாரும் தங்கள் பெயருக்குத் தாங்களே எழுந்தார்கள். லூர்து. பவுலின். மாதேஸ்வரி. பிறகு அவள், "சந்தனமேரி," என்றாள்.

"இதோ, இருக்கிறேன்."

மூன்று குரல்கள். லூர்து, பவுலின், மாதேஸ்வரி மூவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். பின்னால் ஒரு பையன் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான்.

"அவ உங்கூட இல்ல?" என்று லூர்து பவுலினிடம் கேட்டாள்.

"எங்கூடவா? நைட்டு இல்ல அவ?"

"நைட்டுல நான் இருக்கறன்," என்றாள் மாதேஸ்வரி. "அவ இல்ல."

தெருவில் பூசணிக்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. அமலி இறங்கி வந்து மூவரின் எதிரே நின்றாள். "அவ மூஞ்சியக் கடைசியா யாரு பாத்தீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் மாறி மாறிப் பார்த்தார்கள். முந்தைய எல்லா ஞாயிறுகளிலும் அந்தப் பெயருக்குப் பதில் வந்திருக்கிறது. ஒரு ஞாயிறு தவறாமல்.

அறைக்குப் போனோம். ஜன்னல் அட்டையை நானே பிய்த்து எறிந்தேன். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. லூர்து சொன்னாள், "அவ தட்டுல சோறு போட்டு மூடி வைப்பன்கா. திரும்பி வந்து பாத்தா கழுவிக் கவுத்திருக்கும். தின்னுட்டான்னு நெனச்சன்."

பவுலின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நாந்தான்டி தின்னன். எனக்கு வெச்சதுன்னு நெனச்சு."

நைட்டியை மழை வாசனை வந்ததென்று மாதேஸ்வரி அலசிப் போட்டிருந்தாள். அமலிக்குக் குளிருமென்று போர்த்திவிட்டதும் அவள்தான். சந்தனமேரியும் அவளும் ஒரு பாயில் மாறி மாறிப் படுப்பவர்கள். நாங்கள் நடுப்பகலில் போர்வைக்குள் பார்த்தது மாதேஸ்வரியைத்தான். செத்தவள் திரும்பி வந்து நடமாடினால் பேய் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இங்கே ஒருத்தி போனதுகூடத் தெரியாமல், மூன்று நல்ல பெண்கள் சேர்ந்து அவளை நடமாட விட்டிருக்கிறார்கள். சோறு போட்டு, துணி அலசி, ஜெபத்தில் பதிலும் சொல்லி.

"எங்கயாவது போறன்னு சொன்னாளா?" என்று அமலி கேட்டாள்.

மாதேஸ்வரிதான் மெதுவாகச் சொன்னாள். "ஆகஸ்ட்டு கடைசியில, பெங்களூர்ல இருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கறவங்க போனாங்க இல்ல? காவிச் சேல கட்டிக்கினு அவங்ககூட ஒரு நாளு நடந்துட்டு, கிருஷ்ணகிரில இருந்து பஸ்ஸு ஏறி வந்தர்றன்னா. வந்துட்டான்னுதான்கா நெனச்சன். தட்டு கழுவி இருந்துச்சே."

கூட நடந்தவர்கள் அவள் திரும்பிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். அவளை வேலைக்கு எடுத்திருந்த கான்டிராக்டர், மற்றவர்களைப் போல வேலையை விட்டு ஓடிவிட்டாள் என்று பெயரை அடித்துவிட்டார். ஊரில் அப்பாவுக்கு இரண்டாம் தாரம். சித்தியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள் என்பதால் அவள் போன் எடுக்காததை அவர்கள் கோபம் என்று எண்ணியிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஒருத்தி உலகத்தில் இல்லை. உலகத்துக்கு அது தெரியவில்லை.

ஃபாதர் இன்னாசி அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அமலிக்கு அது போதவில்லை. மறுநாள் விடிந்ததும் போன் செய்தாள். "வண்டி எடுத்துக்கிட்டு வாங்க அண்ணி. அவ நடந்த ரோட்டுலயே போவோம்." நான் லீவு சொன்னேன். அந்த மூன்று பெண்களும் அழுதபடியே ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். பண்டிகைக்கு மறுநாள் வராவிட்டால் வேலை போய்விடும். சந்தனமேரியின் போட்டோ ஒன்றை பவுலின் அமலிக்கு அனுப்பியிருந்தாள். நீளமான பின்னல், பல் தெரியச் சிரிப்பு.

நெடுஞ்சாலையில் பனி விலகவில்லை. லாரிகள் வெறும் விளக்காக வந்து விளக்காகவே போயின. பின்னால் உட்கார்ந்து அமலி ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். டீக்கடை டீக்கடையாக நிறுத்தி போட்டோவைக் காட்டினோம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். குந்தாரப்பள்ளியில் சந்தைக்கு எதிரே கடை வைத்திருந்த திம்மராயன் என்பவர் மட்டும் போட்டோவைத் திருப்பித் தராமல் நின்றார்.

"மூஞ்சி தெரியலம்மா. ஆனா சந்தையன்னிக்கு, காவி கட்டின ஒரு பொண்ண வண்டி அடிச்சிப் போட்டுட்டு நிக்காம போயிட்டான். கூட்டத்துக்குப் பின்னால தனியா நடந்து வந்துச்சு. போனு தூள்தூளாயிடுச்சு. நாங்கதான் நூத்தியெட்டுக்கு சொன்னது. பெங்களூருப் பொண்ணுன்னு பேசிக்கினாங்க."

"உசுரு இருந்துச்சா?" என்று அமலி கேட்டாள்.

"ஏத்தும்போது இருந்துச்சு," என்றார்.

ஆக்ஸிலேட்டரை முறுக்கி நேராகக் கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. காவி கட்டிய பெண் என்று நாங்கள் கேட்டதும் நர்ஸ் அக்கா பாதி அழுகையாகவே பேசினார். "காவித்துணி கட்டியிருந்ததால பெங்களூர்க் கூட்டம்னு போலீஸ் அந்தப் பக்கமே விசாரிச்சிக்கிட்டு இருக்காங்க. தலையில ஆபரேசன் ஆச்சு. இப்ப நல்லா சாப்புடுது, நடக்குது. பேசறது மட்டும் இல்ல. கன்னடத்துல கேட்டோம், தெலுங்குல கேட்டோம், தமிழ்லயும் கேட்டோம். பேரு கேட்டா மேல பாக்குது."

ஜன்னலோரக் கட்டிலில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, ஒரு பக்கப் புருவம் தைத்து. போட்டோவில் இருந்தவள் இவள்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அமலி அவள் எதிரே போய் முட்டிபோட்டு, முகத்துக்கு நேராக, "சந்தனமேரி," என்றாள். அந்தக் கண் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். இல்லை. இவள் வேறு யாரோ என்றால், அவள் எங்கே?

அமலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கோயில் கூடத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து, அதே ராகத்தில், பெயர் சொல்லும் ஜெபத்தைத் தொடங்கினாள்.

"லூர்து."

மின்விசிறி சுற்றியது.

"பவுலின்."

போர்வை மேலிருந்த விரல்கள் லேசாக மடங்கின.

"மாதேஸ்வரி."

அந்தப் பெண் கட்டிலிலிருந்து இறங்கி எழுந்து நின்றாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்ததைப் பிரித்து, "இதோ, இருக்கிறேன்," என்றாள்.

நர்ஸ் கையிலிருந்த டிரேயைக் கீழே வைத்துவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு மாதமாகத் தன் பெயர் தெரியாமல் கிடந்தவள், பாயைப் பகிர்ந்துகொண்ட தோழிக்காக ஆஜர் சொல்கிறாள்.

அமலியின் குரல் உடைந்தது. "சந்தனமேரி," என்றாள்.

அவள் தலையைத் திருப்பி, வார்டின் கதவைப் பார்த்தாள். காத்திருந்தாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைத் திறந்துவிட்டேன், அவளுக்காகச் சொல்லிவிடலாம் என்று. வளையல் அழுந்த அமலி என் மணிக்கட்டை இறுக்கினாள்.

"மாதேஸ்வரி சொல்லும்," என்றாள் அந்தப் பெண், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அமலி நகர்ந்து, கதவுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றாள். "மாதேஸ்வரி இன்னிக்கு வரல. யாரும் வரல. நீதான் சொல்லணும். சந்தனமேரி."

அவள் அமலியின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். முதன்முதலாக அமலியும் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கேன்," என்றாள் சந்தனமேரி.